இக்கரை நேரம் நான்கு மணி

ஆர்டிஸ் டொலெஃப்சன் சிபாரிசு செய்யும் நிகழ்ச்சிகளில் பாதியை அவளே பார்த்ததுமில்லை, கேட்டதுமில்லை. அமெரிக்காவில், மிசௌரி ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கும் ஹால்வார்ட் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும், வானொலி நிலையத்தின் டிசம்பர் மாத நிகழ்ச்சிக் கையேடு தபாலில் வந்து விழுந்தவுடன் எல்லோரும் முதலில் புரட்டுவது அவள் எழுதும் நடுப்பக்கங்களைத்தான். 'விடுமுறைக் காலத்துக்கு எங்கள் பரிந்துரைகள்' என்று தலைப்பு. 'எங்கள்' என்பது பந்தாவுக்கு. பத்தொன்பது வருஷமாக, சம்பளமில்லாமல், எழுதுகிறவள் அவள் ஒருத்திதான்.

ஊர் வானொலி நிலையம் ஆசிரியர் கல்லூரியின் நிலவறையில் இருந்தது. விளம்பரம் கிடையாது; நேயர்கள் அனுப்பும் சந்தாவில் ஓடும் பொது நிலையம். மாநிலத் தலைநகரிலிருந்து வரும் பொதுத் தொலைக்காட்சியையும் அதே கோபுரம்தான் ஊருக்குள் பரப்பியது. ஆகவே கையேட்டில் இரண்டும் இருக்கும். 'இருபதாம் தேதி இரவு எட்டுக்கு பாலே நடனம், இரண்டரை மணி நேரம். கணவன்மார்களை முன்கூட்டியே தூங்க அனுப்பிவிடலாம்.' 'இருபத்திரண்டாம் தேதி, வாத்து வறுப்பது எப்படி என்று ஒரு பிரெஞ்சுக்காரர் காட்டுகிறார். நம் ஊரில் சிலர் கட்டாயம் பார்க்க வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன்.' பெயர் சொல்லாவிட்டால் என்ன? போன வருஷம் திருச்சபை விருந்துக்குப் பக்கத்து வீட்டு வெர்னா ஹ்ருஷ்கா கொண்டுவந்த வாத்தில் கத்தி இறங்க மறுத்ததை ஊரே பார்த்தது.

1983 டிசம்பர்ப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஆர்டிஸ் மனதாரச் சிபாரிசு செய்தாள். அவள் கணவர் ஆர்லோ நடத்தும் 'வாழ்த்து நேரம்'.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம், ஊரார் எழுதிப்போட்ட அஞ்சலட்டைகளை ஆர்லோ ஒலிபரப்பில் படிப்பார். 'ஒரே பனி, வர முடியவில்லை, எனக்கு வைத்த பங்கை நீயே தின்றுவிடாதே' என்று தங்கைக்கு அண்ணன் எழுதியிருப்பான். 'எடுத்துப்போன ஏணியை இந்த வருஷமாவது திருப்பிக் கொடு, மற்றபடி நல்வாழ்த்துகள்' என்று பண்ணைக்காரனுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன் எழுதியிருப்பான். இருபத்தேழு வருஷமாகப் படித்த குரல். அடுப்பில் ஏற்றிய பால் மாதிரி மெல்ல மெல்லச் சூடேறும் குரல் என்பாள் வெர்னா. சொந்தக் கணவனைப் பற்றி அவள் இப்படி ஒன்றும் சொன்னதாகத் தகவல் இல்லை.

அந்தக் குரலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். தொண்டையில் புற்று. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை, கிழக்கே நான்கு மணி நேரப் பயணத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது என்றும் சொன்னார். ஆர்லோவுக்கு அதில் கஷ்டமே இல்லை. மைக்கின் முன்னால் மணிக்கணக்காகப் பேசுகிற மனுஷர், வீட்டு மேசையில் உப்பை விரலால் காட்டித்தான் கேட்பார்.

அவருக்குப் பேச வேண்டியது ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. மகன் கேலனிடம்.

ஆறு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, ஆர்லோ வழக்கம்போல உள்ளூர்ச் செய்தியில் நீதிமன்றப் பட்டியலைப் படித்தார். யார் வண்டியை வேகமாக ஓட்டினான், யார் அடுத்தவன் நிலத்தில் புகுந்து மான் சுட்டான் எல்லாம் வரும். ஊரே காப்பியை ஆறவிட்டுக் கேட்கும் பகுதி. நான்காவது பெயர்: "கேலன் டொலெஃப்சன், வயது முப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது." அடுத்த நொடியே பன்றி விலை. குரலில் ஒரு சின்னத் தடுக்கல்கூட இல்லை. கேலனுக்கு அந்த வாரம்தான் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் அந்த வேலை போய்விட்டது.

"எல்லார் வீட்டுப் பிள்ளைங்க பேரையும் படிக்கறேன். என் பிள்ளை பேரை மட்டும் முழுங்கிட்டா, நாளைக்கு எவன் என்னை நம்புவான்?" என்றார் ஆர்லோ. அவர் செய்தது சரி என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். யார் யார் வீட்டுப் பிள்ளைகள் முன்பு பட்டியலில் வந்திருந்தார்களோ, அந்தப் பாதி.

கேலன் மனைவி டார்லாவை அழைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி, மேற்குக் கரையில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். பாலத்திலிருந்து பதினான்கு மைல். அதன்பிறகு அவன் இந்தக் கரைக்கு வந்தது வண்டிக்கு டயர் வாங்க மட்டும்தான்.

ஆர்டிஸ் சும்மா இருந்தாளா? மூன்று தடவை போன் போட்டு, "அப்பா ரொம்ப வருத்தப்படறார்டா, தப்புப் பண்ணிட்டேன்னு நேத்து அழுதார்டா" என்று சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை கேலன் போனை வைத்த கையோடு நிலையத்துக்குப் போன் போட்டு அப்பாவிடமே கேட்டுவிட்டான். "நானா? நான் எப்போ அழுதேன்?" என்றார் ஆர்லோ. பார்க்காத பாலேயைச் சிபாரிசு செய்கிறவள், அழாத கணவரையும் சிபாரிசு செய்திருந்தாள். அன்றோடு சரி. அவள் குரல் கேட்டாலே கேலன் போனை டார்லா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

நவம்பரில் அறுவைக்கு நாள் குறித்தார்கள். அன்று ஆர்லோ, "மைக்குல சொன்னதை மைக்குலதான் திருப்பி எடுக்கணும்" என்றார்.

"போன்ல சொல்லேன். உன் பிள்ளைதானே" என்றாள் ஆர்டிஸ்.

"போன்ல சொன்னா ஊருக்குக் கேக்காது. ஊர் கேட்டதாலதானே அவன் மானம் போச்சு."

வாழ்த்து நேரம் எப்போதும் மாலை ஆறு மணிக்கு வரும். இருட்டத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது என்று அந்த வருஷம் நான்கு மணிக்கு மாற்றினார்கள். எல்லா அட்டைகளும் முடிந்த பிறகு, கடைசி அட்டையாகத் தன் அட்டையைப் படிப்பதென்று ஆர்லோ முடிவு செய்தார். கேலன் அதைக் கேட்க வேண்டும். கேட்க வைப்பது ஆர்டிஸ் பொறுப்பு. அவளிடம் இருந்த ஒரே வழி அந்தக் கையேடு.

இந்த இடத்தில்தான் கடிகாரம் குறுக்கே வருகிறது. ஹால்வார்டில் நான்கு மணி அடித்தால் மிசௌரி ஆற்றுக்கு மேற்கே மூன்றுதான். நேரம் ஆற்றின் நடுவில் மாறுகிறது. அக்கரைக்காரர்களில் ஊருக்குள் வேலைக்கு வருகிறவர்கள் வீட்டுக் கடிகாரத்தையும் ஊர் நேரத்துக்கே வைத்திருப்பார்கள். மற்றவர்கள் பண்ணை நேரம். அங்கே யார் வீட்டுக்குப் போனாலும் "உங்க வீட்ல எந்த மணி?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பது. இதனாலேயே கையேட்டில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இக்கரை நேரம் ஒரு வரி, அதன் கீழ் அக்கரை நேரம் ஒரு வரி என்று போடுவது வழக்கம்.

அந்த வருஷம் தலைநகரிலிருந்து வந்திருந்த புது மேலாளர், "ரெண்டே பக்கம்தான் மேடம், காகித விலை தெரியுமில்ல?" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆர்டிஸ் ஆர்லோவைப் பற்றி மட்டும் ஆறு வரி எழுதி வைத்திருந்தாள். இடம் போதவில்லை. பாலேயை எடுத்துப் பார்த்தாள், போதவில்லை. வாத்தை எடுக்க மனம் வரவில்லை. கடைசியில் அக்கரை நேர வரிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடித்தாள். அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம் கேலன் வீட்டை நினைத்துப் பார்க்கத்தான் செய்தாள். டார்லாவுக்கு ஊரில் மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சு வேலை. அந்த வீட்டில் ஊர் நேரம்தான். மற்றப் பண்ணைக்காரர்கள்? நான்கிலிருந்து ஒன்றைக் கழிக்கத் தெரியாதவனா முந்நூறு மாடு மேய்க்கிறான்?

டார்லா அந்த வேலையை அக்டோபரிலேயே விட்டிருந்தாள். மறுநாளே கேலன் சமையலறைக் கடிகாரத்தை இறக்கிப் பண்ணை நேரத்துக்குத் திருப்பி மாட்டினான். ஊரில் ஆர்டிஸைத் தவிர அத்தனை பேருக்கும் இது தெரியும். வெர்னாவுக்கு அன்று மாலையே தெரியும்.

அந்த ஆறு வரிகளை இன்றும் சிலர் வெட்டி வைத்திருக்கிறார்கள். 'டிசம்பர் இருபத்து நான்கு, வானொலி, நான்கு மணி. வாழ்த்து நேரம். இருபத்தேழு ஆண்டுகளாக நம் வீட்டுச் செய்திகளை நமக்குப் படித்த குரல் கடைசி முறையாகப் படிக்கிறது. மாவு பிசைகிறவர்கள் கை கழுவிவிட்டு வரவும். மாட்டுக்குத் தீவனம் போடுகிறவர்கள் முன்னதாகவே போட்டுவிடவும். மறு ஒலிபரப்பு கிடையாது. இதை நான் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.' கடைசி வரியைப் படித்துவிட்டு வெர்னா, "அப்போ மத்ததெல்லாம்?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

அந்த நிகழ்ச்சியைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் அழுத்தி ஒரு வட்டம் போட்டு, கையேட்டை டார்லாவுக்குத் தபாலில் அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து டார்லாவிடமிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது. உள்ளே பென்சிலில்: 'நாலு மணிக்கு ரேடியோ பக்கத்துல உட்கார வைக்கிறேன். வர்றேன்னு சொல்லிட்டார்.' ஆர்டிஸ் அந்த அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஆர்லோவிடமும் காட்டினாள். அன்று முதல் அவர் மேசையில் உட்கார்ந்து அட்டை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தார். குப்பைக் கூடையில் ஆர்டிஸ் எண்ணிப் பார்த்ததில் பதினொன்று.

இருபத்து நான்காம் தேதி, சனிக்கிழமை, எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் கட்டியாகிவிடும் குளிர். இருவரும் மூன்றரை மணிக்கே நிலையத்துக்குப் போய்விட்டார்கள். ஆர்லோ கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தார். ஆர்டிஸ் வெளியே, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரிப் பெண் ஷெர்லிக்குப் பக்கத்தில்.

ஐம்பத்து மூன்று அட்டைகள். முதல் பத்தில் குரல் கரகரத்தது. இருபதுக்கு மேல் சூடேறிப் பழைய குரல் வந்துவிட்டது. ஏணி அட்டை இந்த வருஷமும் வந்திருந்தது. கடைசிக்கு முந்தையது வெர்னா நெப்ராஸ்காவில் இருக்கும் தன் அக்காவுக்கு எழுதியது. அதில் வாத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது, ஆர்லோ சிரிக்காமல் படித்தார்.

பிறகு துண்டைக் கழற்றிவிட்டு, "கடைசி அட்டை. இது என்னோடது" என்றார்.

"கேலன். ஆறு வருஷம் முன்னால ஒரு திங்கட்கிழமை காலைல இங்கேருந்து உன் பேரைப் படிச்சேன். படிச்சது என் வேலை. அதை நான் திருப்பி எடுக்க முடியாது. ஆனா உன் பேரைப் படிச்சுட்டு, ஒரு மூச்சுகூட விடாம, அடுத்த வரியா பன்னி விலையைப் படிச்சேன் பாரு, அது அப்பன் செய்யற காரியமில்ல. அன்னிக்கு விட வேண்டிய மூச்சை இன்னிக்கு விடறேன். கேட்டுக்கோ."

அதன்பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. மைக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒலிபெருக்கியில் கேட்டது. ஷெர்லியின் கை இசைத்தட்டுப் பக்கம் போயிற்று. ஆர்டிஸ் அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டாள். வானொலியில் சத்தமில்லாத பத்து நொடி என்பது வீட்டில் ஒரு வருஷம் மாதிரி. இது அரை நிமிஷத்துக்கு மேல் போயிற்று. ஊரில் பலர் ரேடியோ கெட்டுவிட்டது என்று அதன் தலையில் தட்டியதாகப் பிறகு சொன்னார்கள்.

"நல்லபடியா இரு" என்றார் ஆர்லோ. அவ்வளவுதான். ஐந்து மணிக்குத் தலைநகரிலிருந்து சிறுவர் சேர்ந்திசை வந்து மூடிக்கொண்டது.

வெளியே வந்தபோது அவருக்குக் குரலே இல்லை. காற்றுதான் வந்தது. வீட்டுக்கு வந்து, போன் இருக்கும் சுவருக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தேகால். ஐந்தரை. ஆர்டிஸ் சூப்பைச் சூடாக்கினாள். ஆர்லோ இரண்டு கரண்டி குடித்துவிட்டு, போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"ஆர்டிஸ், டார்லா பேசறேன். என்னாச்சு? மாமாவுக்கு முடியலையா? நாலு மணிலேருந்து உக்காந்திருக்கோம், சின்னப் பசங்க பாடிக்கிட்டே இருக்காங்க. சரி, கொஞ்சம் லேட்டாகுது போலன்னு முக்கால் மணி நேரம் கேட்டோம். இவர் பூட்ஸைக்கூடக் கழட்டி வச்சுட்டு உக்காந்திருக்கார்."

ஆர்டிஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "நாலு மணியா? இப்போ மணி ஆறாகப்போகுதே டார்லா."

"இங்கே அஞ்சாகப்போகுது."

சமையலறைக் கடிகாரம் டிக் டிக்கென்றது. "உங்க வீட்ல ஊர் மணிதானே?" என்றாள் ஆர்டிஸ். கேட்கும்போதே குரல் இறங்கிப்போயிற்று.

"நான் வேலையை விட்டு ரெண்டு மாசமாச்சே. உங்களுக்குத் தெரியாதா? வழக்கமா ரெண்டு நேரம் போட்டு வரும். இந்தத் தடவை ஒண்ணுதான் இருந்தது. எங்களுக்குன்னு வட்டம் போட்டு அனுப்பிருக்கீங்க, எங்க நேரமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

டார்லாவுக்குப் பின்னாலிருந்து கேலனின் குரல் கேட்டது: "என்ன சொல்றாங்க?" பிறகு பல வருஷத்தில் முதல் தடவையாக அவனே போனை வாங்கினான்.

"அம்மா. என்ன படிச்சார்?"

சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் தன் காதால் கேட்டது. "மன்னிப்புக் கேட்டார்டா" என்றாள்.

"அவர் கேட்டாரா, நீ கேக்கறியா?"

"சத்தியமா அவர்தான்டா. பன்னி விலையைப் படிச்சது தப்புன்னு..."

"பன்னி விலையா?"

"அது இல்லடா. உன் பேருக்கு அப்புறம் மூச்சு விடாம... அதான் இன்னிக்கு விட்டார்டா, மூச்சு. ரொம்ப நேரம். ஒண்ணுமே பேசாம."

"ஒண்ணுமே பேசல. ஆனா மன்னிப்புக் கேட்டார்." கேலன் சிரித்தான். அது நல்ல சிரிப்பாக இல்லை. "அப்பாகிட்ட குடு."

"மாத்திரை போட்டுத் தூங்கறார். எழுப்பினாலும் குரல் இல்லடா."

"இதுவும் சரியாத்தான் இருக்கு" என்றான் கேலன். போன் வைக்கப்பட்டது. பத்தொன்பது வருஷம் கேட்காததையெல்லாம் கேட்டேன் என்று எழுதியவளிடம், உண்மையிலேயே கேட்டதைச் சொல்ல ஒரு வார்த்தை தேறவில்லை.

மறுநாள் காலையில் ஆர்லோ போனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பனியில லைன் சரியில்லையாம், ஊர் பூரா" என்றாள் ஆர்டிஸ். அப்போதுதான் வெர்னா வீட்டில் போன் அடிக்கும் சத்தம் வேலி தாண்டிக் கேட்டது. ஆர்லோ கேட்டும் கேட்காததுபோல் காப்பிக் கோப்பையைத் திருப்பிக்கொண்டார்.

நிலையத்தில் வாழ்த்து நேரத்தைப் பதிவு செய்யும் வழக்கமில்லை. ஷெர்லி போனில் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஆனால் வீடுகளில் இப்போது கேசட் கருவி இருக்கிறதே! ஆராதனை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில், ஆர்டிஸ் கிறிஸ்துமஸ் அன்று வீடு வீடாகப் படியேறினாள். கேசட் இல்லாமல் இல்லை. ஏழு வீட்டில் பதிவு செய்திருந்தார்கள். ஏழு பேரும் தங்கள் அட்டை வரும்வரை விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்து, தங்கள் பெயர் வந்ததும் அழுத்தி, அது முடிந்ததும் நிறுத்திவிட்டிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஆர்லோ அரை நிமிஷம் அந்தந்த வீட்டு வாழ்த்தை மட்டும் படித்தார்.

"அட, அதுக்கப்புறம் என்ன இருக்குன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் ஏணிக்காரன். "ஆனா ரொம்ப உருக்கமா இருந்தது ஆர்டிஸ். என் வீட்டுக்காரி அழுதுட்டா."

எல்லோர் வீட்டுக்காரிகளும் அழுதிருந்தார்கள். ஊர் முழுக்கக் கேட்டிருந்தது.

எட்டாவது கேசட் வெர்னாவிடம் இருந்தது. "என் அட்டை வரைக்கும்தான்டி இருக்கும். நிறுத்தணும்னு பார்த்தேன், கை ரெண்டும் மாவு. துடைச்சுட்டு வர்றதுக்குள்ள கொஞ்சம் ஓடியிருக்கும்" என்றாள். ஆர்டிஸ் அவள் சமையலறையிலேயே நின்று போட்டுக் கேட்டாள். வாத்து வரி. பிறகு: "கடைசி அட்டை. இது என்னோடது. கேலன்." டக்.

மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் டக்.

"வெர்னா, டார்லா வேலையை விட்டது உனக்குத் தெரியுமா?"

வெர்னா துணியை மடித்தாள், பிரித்தாள். "தெரியும்டி. கடிகாரத்தை மாத்தினதும் தெரியும். நீதானே அவன் பேச்சை எங்கிட்ட எடுக்காதேன்னு கையெடுத்துக் கும்பிட்டே. ஒரே ஒரு விஷயத்துல வாயை அடக்கினேன், அது இப்படி ஆச்சு."

திங்கட்கிழமை, ஆர்லோ தூங்குகிறார் என்று நிச்சயம் செய்துகொண்டு, ஆர்டிஸ் கேசட்டையும் வெர்னாவின் கருவியையும் எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். பதினான்கு மைலும் கண்ணைக் கூசும் வெள்ளை. கேலன் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் அவள் கண்ணில் பட்டது கடிகாரம்தான். பத்தேகால். அவள் கையில் பதினொன்றேகால். குளிர்பெட்டிக் கதவில் கையேடு ஒட்டியிருந்தது, சிவப்பு வட்டத்தோடு.

கேலன் மேசையில் இருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவளுக்கு அதுவும் தெரிந்திருக்கவில்லை. டார்லா காப்பி ஊற்றினாள். யாரும் குடிக்கவில்லை.

"தீவனக் கடையில மூணு பேர் சொல்லிட்டாங்க" என்றான் கேலன். "ஒருத்தன் அப்பா அழுதார்னான். ஒருத்தன் பைபிள் படிச்சார்னான். ஒருத்தன் ரேடியோ ரிப்பேர்னு தட்டிட்டிருந்தானாம்."

"நீயே கேளுடா" என்று ஆர்டிஸ் பொத்தானை அழுத்தினாள்.

வாத்து வரி போயிற்று. "கடைசி அட்டை. இது என்னோடது. கேலன்." டக்.

கேலன் கை நீட்டி, தானே பின்னால் சுற்றி, இன்னொரு தடவை போட்டான். அந்த ஒரு சொல்லை மட்டும். கேலன். டக்.

"நல்லாத் தெளிவா சொல்றார்" என்றான். "அன்னிக்கும் இப்படித்தான் தெளிவாச் சொன்னார்."

"வந்து பாருடா. நாளைக்கு மத்தியானம் கிளம்பறோம். இன்னும் ரெண்டு வார்த்தை பேசுவார். உனக்காகப் பேசுவார்."

"முதல் தடவை ஊரே கேட்டது, நானும் கேட்டேன். இந்தத் தடவை ஊரே கேட்டது, நான் மட்டும் கேக்கல. ஊருக்குத்தானேம்மா சொன்னார்? எனக்குச் சொல்லணும்னா பதினாலு மைல்தான்." அவன் எழுந்து கோட்டை மாட்டினான். "மாட்டுக்குத் தண்ணி உறைஞ்சிருக்கும்."

டார்லா வாசல்வரை வந்தாள். "ரோடு வழுக்கும், பார்த்துப் போங்க" என்றாள்.

செவ்வாய் மதியம் ஆர்டிஸ் வண்டியை ஓட்டினாள். பக்கத்தில் ஆர்லோ, மடியில் சின்னப் பெட்டி. ஊர் எல்லையில் தானியக் கிடங்கு தாண்டும்வரை அவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்துப் பக்கமிருந்து ஒரு வண்டியும் வரவில்லை. மூன்று நாள் ஓய்வில் தொண்டையில் கொஞ்சம் குரல் சேர்ந்திருந்தது போலும். சேர்த்து வைத்ததை அவர் எதற்கு எடுக்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"கேட்டானா?"

அவள் பாதையைப் பார்த்துக்கொண்டே, "கேட்டான்" என்றாள்.

நாலைந்து மைல் போயிற்று.

"என்ன சொன்னான்?"

"கையைக் கழுவிட்டு வந்து ரேடியோ பக்கத்துலயே உக்காந்தானாம். அந்தப் பேசாத நேரம் பூரா அவனும் பேசலையாம். மனசு லேசாயிடுச்சுன்னான்." நின்று நிதானமாக வந்தது. கச்சிதமாக மூன்று வரி. கையேட்டில் அப்படியே போடலாம்.

ஆர்லோ அவளைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது வருஷமாக அவள் எழுதியதையும் சொன்னதையும் கேட்டவர். வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. சிரிப்பு என்றும் சொல்லலாம்.

"உன் சிபாரிசா?" என்றார்.

அவள் கையை நீட்டி ரேடியோவைப் போட்டாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பெயரும் வயதும் கேட்டபோது அவர் ஆர்டிஸைக் காட்டினார், அவள்தான் சொன்னாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆர்லோ டொலெஃப்சன் இந்த உலகத்தில் வாய்விட்டுச் சொன்ன கடைசி வார்த்தைகள் காரில் கேட்ட அந்த இரண்டும்தான்.

முந்தைய நாள் காரில் மீதிப் பாதை முழுக்க அந்த ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பின்மதியம் வரும் பியானோ நிகழ்ச்சி. 'விருந்தினர் போனபின் வீட்டில் வரும் அமைதிக்கு ஏற்றது. தவறவிடாதீர்கள்' என்று பன்னிரண்டு வருஷமாக ஆர்டிஸ் அதைச் சிபாரிசு செய்து வந்திருக்கிறாள். அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டாள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நிலையத்தின் அலை மெல்ல மெல்ல இரைச்சலில் கரைந்து போகும்வரை அணைக்காமல் ஓட்டினாள். இரைச்சல் மட்டும் வந்த பிறகும் அணைக்கவில்லை.